பிள்ளைகள் துவிச்சக்கர வண்டி பழகிய வரலாறு

நீந்தக் கற்றவரும் துவிச்சக்கர வண்டி ஓடக் கற்றவரும் அவ்வித்தைகளை மறப்பதில்லை என்பது உலக வழக்கு. ஆயினும் வண்டி ஓட எவ்வாறு கற்றீர் என்று ஒருவரை வினவினால், அவர் விடை கூறவியலாது திகைப்பார். ஒருவர் பின்னாற் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார், எப்பொழுதோ கையை விட்டுவிட்டார், திரும்பிப் பார்த்தபொழுது வண்டி தானே ஓடிக்கொண்டிருந்தது என்பதே பெரும்பாலோர் சொல்வது. எந்த வயதிற் கற்றீர் என்று கேட்டாலோ, விடை ஊருக்கு ஊரும் தலைமுறைக்குத் தலைமுறையும் வேறுபடும். ஒருவர் நான்கு வயதென்பார், ஒருவர் பத்தென்பார், நாற்பதிற் கற்றேன் என்று நாணத்தோடு கூறும் தாய்மாரும் உளர். பிள்ளையின் உடல் எந்நாட்டிலும் ஏறக்குறைய ஒரே வகையிலேயே வளர்கின்றது. அங்ஙனமாயின் இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? வண்டியின் வரலாற்றை நோக்கின் விடை புலப்படும்.

ஜேர்மனியிலே பாடன் நாட்டின் வனத்துறை அலுவலராயிருந்த கார்ல் டிரைஸ் என்பவர், 1817ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் நாள், மன்கைம் நகரிலிருந்து புறப்பட்டுப் புதியதொரு பொறியின்மீது சவாரி செய்தார். மரத்தாலாய சக்கரங்கள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அவற்றிடையே ஓர் இருக்கை. முன்சக்கரத்தைத் திருப்ப ஒரு பிடி. இவ்வளவே அப்பொறி. மிதியுமில்லை, சங்கிலியுமில்லை. இருக்கையில் அமர்ந்தபடி நிலத்தைக் காலால் உந்தி உந்தி, போக ஏழும் வர ஏழுமாக ஏறக்குறைய 14 கிலோமீற்றர் தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் அவர் கடந்தார். இன்றைய துவிச்சக்கர வண்டியின் முன்னோடி இதுவே. மனிதன் முதலிற் கற்றது வண்டியை மிதிப்பதன்று. இரண்டு சக்கரங்களின்மேல் விழாது நிற்பதே என்பதை இங்கு மனத்திற் கொள்ளல் வேண்டும்.

அடுத்த ஈராண்டுக்குள் இப்பொறி இலண்டனை எட்டியது. வண்டித் தொழிலாளரான டெனிஸ் ஜோன்சன் என்பவர் அதனைத் திருத்தியமைத்து விற்றதோடு, 1819இல் அதனைப் பழக்குவதற்கெனப் பள்ளியும் நடத்தினார். அப்பள்ளியை நாடியோர் சிறுவரல்லர். பணமும் பொழுதும் படைத்த கனவான்கள். நடைபாதைகளிற் செல்வோருக்கு இடையூறென்று பல நகரங்கள் தடைவிதிக்க, அந்த மோகம் விரைவில் அடங்கிற்று.

அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்தே முன்சக்கரத்தின் அச்சில் மிதிகள் பொருத்தப்பட்டன. பாரிஸ் நகரில் 1860களில் இது நிகழ்ந்தது. பியர் லாலமோன் என்பார் 1866இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமையும் பெற்றார். இத்துணை எளிய மாற்றத்துக்கு ஏன் இத்துணைக் காலம் சென்றது? இரு கால்களையும் நிலத்தைவிட்டு எடுத்தால் விழுந்துவிடுவோம் என்னும் அச்சமே காரணமென்று வரலாற்றறிஞர் சிலர் கருதுவர். முதன்முறை வண்டியேறும் பிள்ளையின் நெஞ்சிலுள்ள அச்சமும் அதுவேயன்றோ?

1870களில் வண்டி வானளாவ வளர்ந்தது. ஒரு மிதிப்பில் நெடுந்தூரம் செல்லவேண்டுமென்று முன்சக்கரத்தைப் பெருப்பித்துக்கொண்டே போயினர். ஓட்டுபவரின் கால் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குச் சக்கரமும் உயரலாம். அதன் உச்சியிலமர்ந்தவர் சிறு கல்லிற் சக்கரம் தடுக்கினும் தலைகுப்புற வீழ்வார். துணிவுள்ள இளைஞரின் விளையாட்டாக அது நின்றது. பெண்டிர்க்கும் முதியோர்க்கும் சிறுவர்க்கும் அங்கே இடமிருக்கவில்லை. வண்டியின் உயரமே அதனை யார் பழகலாம் என்பதை அன்று தீர்மானித்தது.

இந்நிலையை மாற்றியவை இரண்டு. 1885இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராளி, ஒத்த அளவினவாகிய சக்கரங்களைக் கொண்டதும், சங்கிலியாற் பின்சக்கரத்தை இயக்குவதுமான றோவர் வண்டியை வெளியிட்டார். ஓட்டுபவரின் கால் மீண்டும் நிலத்தைத் தொட்டது. 1888இல் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் டன்லொப், காற்றடைத்த இறப்பர் ரயரைச் செய்தார். வணிக நோக்குடன் அவர் அம்முயற்சியைத் தொடங்கவில்லை. தம் மகனின் முச்சக்கர வண்டி கல்வீதியிற் குலுங்காது செல்லவேண்டுமென்பதே அவர் விருப்பம். உலகமெல்லாம் இன்று உருளும் ரயரின் வரலாற்றில் ஒரு சிறுவனுக்கும் இடமுண்டு.

ஆயினும் றோவர் வகை வண்டியை முதலிற் பழகிக்கொண்டோர் வளர்ந்தோரே. அமெரிக்க மாதர் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவியான பிரான்செஸ் வில்லாட் அம்மையார் தம் 53ஆம் வயதில் வண்டி ஓடக் கற்று, அந்த அனுபவத்தை 1895இல் நூலாகவும் வெளியிட்டார். அதே ஆண்டில், அறுபத்தைந்தைக் கடந்துவிட்ட தோல்ஸ்தோய் மொஸ்கோவில் வண்டி பழகினார். பாட்டனும் பாட்டியும் புதுமாணாக்கராயிருந்த காலமது. வண்டி விலையுயர்ந்த பொருள். பிள்ளைக்கென ஒன்றை வாங்கிக் கொடுக்கப் பெரும்பாலோரால் இயலவில்லை.

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வண்டி வந்து சேர்ந்தபொழுது அது வளர்ந்தோரின் வண்டியாகவே வந்தது. றலி, ஹம்பர், றட்ஜ் என்னும் ஆங்கில வண்டிகளின் பெயர்களை அறியாதார் அக்காலத்திற் சிலரே. வீட்டில் வண்டி ஒன்றிருந்தால் அது தந்தையினது. ஆசிரியர் பாடசாலைக்கும், எழுதுவினைஞர் கந்தோருக்கும், கமக்காரர் சந்தைக்கும் அதிலேயே சென்றனர். 28 அங்குலச் சக்கரங்கள் பூட்டிய அவ்வண்டியின் இருக்கையில் எட்டு வயதுப் பிள்ளை அமர்ந்தால் கால் மிதிக்கு எட்டாது. பிள்ளைகள் இதற்குத் தாமே வழி கண்டனர். வண்டியின் இடப்புறம் நின்று, சட்டத்தின் முக்கோண இடைவெளிக்கூடாக வலக்காலை நுழைத்து அப்புறத்து மிதியிற் பதித்து, உடலை ஒரு பக்கமும் வண்டியை மறுபக்கமுமாகச் சாய்த்துக்கொண்டு, அரை மிதியாக மிதித்து ஓடினர். தமிழ்நாட்டில் இதனைக் 'குரங்குப் பெடல்' என்பர். கால் சற்று நீண்டதும் மேற்சட்டத்தின்மேல் ஏறுவர், பின்னரே இருக்கை. எந்த நூலும் கற்பிக்காத இம்முறையைப் பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றனர். முழங்காற் காயமே அவர்கள் செலுத்திய கட்டணம்.

பாவாடை அணிந்த பெண்பிள்ளைக்கு இவ்வழியும் வாய்க்கவில்லை. சட்டத்துக்கூடாகக் காலை நுழைத்து ஓடுவதற்கு உடையும் இடந்தரவில்லை, ஊரும் இடந்தரவில்லை. தம்பி எட்டு வயதிற் பழகியதை அக்காள் வேலியோரம் நின்று பார்த்தாள். இருவருக்கும் உடல் ஒன்றே, வண்டியும் ஒன்றே. வேறுபட்டது வழக்கம் மட்டுமே.

வண்டி பழகும்பொழுது பிள்ளை உண்மையிற் கற்பது யாது? இடப்பக்கம் சாயும்பொழுது கைபிடியை இடப்பக்கமே திருப்பவேண்டும். அங்ஙனம் திருப்பினாற் சக்கரங்கள் சாயும் உடலின்கீழ் வந்து அதனைத் தாங்கும். புதிதாய்ப் பழகுபவர் அஞ்சி மறுபக்கம் திருப்பி விழுகிறார். மெதுவாகச் செல்லும்போது அதிகமாகவும், விரைந்து செல்லும்போது சிறிதளவாகவும் திருப்பவேண்டும். மைக்கல் பொலானி என்னும் அறிஞர் 1958இல் வெளியான தமது நூலில் இக்கணக்கை எடுத்துக்காட்டி, இதனை அறிந்து எவரும் ஓடுவதில்லை, அறிந்ததனால் எவரும் ஓடக் கற்பதுமில்லை என்று விளக்கினார். சொல்லால் உணர்த்தவியலாத அறிவும் அறிவே என்பதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் இதுவுமொன்று. வண்டி எவ்வாறு நிமிர்ந்து ஓடுகிறது என்பதை அறிவியலாளர் இன்றும் ஆராய்ந்தவண்ணம் உள்ளனர். சக்கரச் சுழற்சியே அதனைத் தாங்குகிறது என்னும் பழைய விளக்கம் போதாதென்பதை ஒல்லாந்து, அமெரிக்க ஆய்வாளர் 2011இல் தனியாகவோர் வண்டி அமைத்துக் காட்டினர். அறிஞர் ஆண்டுக்கணக்கில் ஆராய்வதை ஐந்து வயதுப் பிள்ளை ஒரு மாலைப் பொழுதிற் கைவரப் பெறுகிறது.

சிறு வண்டிகள் மலிந்தபின் பிள்ளைகளின் பருவம் இறங்கிற்று. பின்சக்கரத்தின் இருபுறமும் சிறு பக்கச் சக்கரங்கள் பூட்டிக் கொடுக்கும் வழக்கமும் பரவியது. இது விழாமற் காத்தது உண்மை. ஆனாற் சாயாத வண்டியிற் சமநிலையைக் கற்றல் எவ்வாறு? பிள்ளை மிதிக்கக் கற்றது. நிமிர்ந்து நிற்கக் கற்கவில்லை. பக்கச் சக்கரங்களைக் கழற்றிய அன்று பாடம் தொடக்கத்திலிருந்தே தொடங்கிற்று. பின்னர், 1990களின் இறுதியில், மிதியில்லாத சிறு மரவண்டிகள் ஜேர்மனியிற் பிள்ளைகளுக்கெனச் செய்யப்பட்டன. காலால் உந்தி ஓடி, இரு காலையும் தூக்கிப் பார்த்து, விழப்போனால் ஊன்றிக்கொள்ளலாம். டிரைஸ் 1817இல் ஏறிய பொறியே குறுகிய உருவிற் குழந்தையிடம் மீண்டும் வந்தது. இத்தகைய வண்டியிற் தொடங்கிய பிள்ளைகள், பக்கச் சக்கர வண்டியிற் தொடங்கியோரினும் இளவயதிலேயே தனித்து ஓடப் பழகியதாகப் போர்த்துக்கல் நாட்டு ஆய்வாளர் 2022இல் அறிவித்தனர். புது வண்டி வாங்க இயலாதோர் கவலவேண்டியதில்லை. இருக்கும் சிறு வண்டியின் மிதிகளைக் கழற்றி, இரு பாதமும் நிலத்தில் நன்கு படும்படி இருக்கையைத் தாழ்த்திவிட்டாற் போதும்.

ஆக, ஐந்தாறு வயதிலேயே பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவ்வித்தை இயலும். அதனைப் பத்துக்கும் நாற்பதுக்கும் ஒத்திப்போட்டவை வண்டியின் உயரமும், விலையும், ஊர் வழக்கமுமே. இவற்றுள் வழக்கத்தை மாற்றுவதே அரிது. எனினும் அது மாறிய இடங்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் மாணவியர் வண்டியிற் பாடசாலை செல்லுதல் பழகிய காட்சியாயிற்று. 1990களிற் போரினால் எரிபொருள் தடைப்பட்டபொழுது ஆண் பெண் என்னும் பேதமின்றிக் குடாநாடே வண்டியில் இயங்கியது. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு வண்டி ஓட்டத்தையும் பெண்களுக்குப் பழக்கிற்று. அக்காலத்து மாவட்ட ஆட்சியர் சீலா ராணி சுங்கத் அம்மையார் அதற்கு ஊக்கமளித்தார். வயலிலும் கற்குவாரியிலும் உழைத்த பெண்கள் பல்லாயிரவர் வண்டியேறினர்.

இதனினும் தெளிவான சான்று பீகார் மாநிலத்திற் கிடைத்தது. அங்கே 2006 முதல் ஒன்பதாம் வகுப்பிற் சேரும் பெண்பிள்ளைகளுக்கு வண்டி வாங்கப் பணம் வழங்கப்பட்டது. அதன் பயனை ஆராய்ந்த பொருளியலறிஞர் இருவர், இடைநிலைக் கல்வியிற் பெண்பிள்ளைகளின் சேர்க்கை ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு உயர்ந்ததென்று 2017இல் எழுதினர். பாடசாலை 3 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த கிராமங்களிலேயே அவ்வுயர்வு மிகுதியாய்க் காணப்பட்டது. பிள்ளையைப் பாடசாலையினின்றும் தடுத்து நின்றவற்றுள் அந்தத் தூரமும் ஒன்று. அதனைச் சுருக்க இரண்டு சக்கரம் போதுமாயிருந்தது.

எனினும் சமநிலை கற்றதோடு கல்வி முற்றுப்பெறுவதில்லை. ஐந்து வயதில் உடல் வண்டியை ஆளலாம். எதிர்வரும் வாகனத்தின் வேகத்தை மதிக்கும் அறிவு பின்னரே முதிரும். இதனையுணர்ந்தே ஒல்லாந்து நாட்டில் 1930கள் முதல் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வீதிப் போக்குவரத்துத் தேர்வு நடத்திவருகின்றனர்; பிரித்தானியாவில் 1947இல் சிறுவர்க்கான வண்டி ஓட்டத் தேர்ச்சிப் பரீட்சை தொடங்கிற்று. முதற் பாடத்துக்கு வேண்டியவை சிறு வண்டியும், திறந்த முற்றமும், தக்க தருணத்திற் பிடியைவிடும் பெரியவர் ஒருவருமே. இரண்டாம் பாடத்துக்குப் பாதுகாப்பான வீதி வேண்டும். அதனை அமைத்துக் கொடுத்தல் பிள்ளையின் கையில் இல்லை. அது பெரியோரின் கடன்.