வீட்டுக் கொட்டகையில் வளர்ந்த பைக் – டூயல் ஸ்போர்ட் வரலாறு

பைக்குகளில் எத்தனையோ வகை உண்டு. தார் ரோட்டில் ஓடுவது ஒரு வகை. அதற்கு ஹெட்லைட், ஹாரன், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எல்லாம் இருக்கும். ஆனால் கல்லும் மணலும் நிறைந்த பாதையில் இறக்கினால் பத்தடியில் படுத்துவிடும். மண்ணில் மட்டுமே ஓடுவது இன்னொரு வகை. அது மேடு பள்ளம் எல்லாம் தாண்டிக் குதிக்கும். ஆனால் ரோட்டுக்கு வந்தால் போலீஸ் பிடித்துக்கொள்ளும்! இந்த இரண்டு வேலையையும் ஒரே வண்டி செய்தால் அதுதான் டூயல் ஸ்போர்ட்.

இந்த வகை பைக்கை ஹோண்டா, யமஹா, கவாசாகி போன்ற கம்பெனிகள் கண்டுபிடித்ததாகப் பலரும் நினைக்கிறார்கள். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. முதலில் சாதாரண மனிதர்கள் வீட்டுக் கொட்டகையில் ஸ்பானரும் ரம்பமும் வைத்துக்கொண்டு செய்து பார்த்தார்கள். அதைப் பார்த்துத்தான் கம்பெனிகள் செய்தன. இந்தக் கதை ஒருமுறை நடந்து முடிந்ததும் அல்ல, திரும்பத் திரும்ப நடந்த கதை.

பாலைவனத்தில் ஆரம்பம்

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் பைக் பிரியர்களுக்கு மொஹாவி பாலைவனம்தான் விளையாட்டு மைதானம். ஆனால் பாலைவனத்துக்கு என்று தனியாக வண்டி கிடையாது. கிடைத்தது இங்கிலாந்தில் இருந்து வந்த 650 சி.சி. டிரையம்ஃப். ரோட்டுக்குச் செய்த கனமான வண்டி அது.

அதை வாங்கி வந்து வீட்டில் பிரித்தார்கள். தேவையில்லாத கனத்தையெல்லாம் கழற்றி எறிந்தார்கள். சைலன்சர் குழாயைப் பாறையில் இடிக்காதபடி மேலே தூக்கிக் கட்டினார்கள். எஞ்சினுக்கு அடியில் ஒரு தகடு அடித்தார்கள். அகலமான ஹேண்டில்பார், மணல் புகாத ஏர் ஃபில்டர், முள்ளு முள்ளான டயர்... அவ்வளவுதான், 'டெசர்ட் ஸ்லெட்' தயார். நடிகர் ஸ்டீவ் மெக்குயினும் அவர் நண்பர் பட் எக்கின்சும் இப்படிப்பட்ட வண்டிகளில்தான் பாலைவனத்தில் சுற்றினார்கள். 1963ல் வந்த 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் முள்வேலியைத் தாண்டும் புகழ்பெற்ற காட்சியில் பாய்ந்தது டிரையம்ஃப். ஓட்டியவர் பட் எக்கின்ஸ்.

பட் எக்கின்சின் தம்பி டேவ் எக்கின்ஸ். 1962ல் இவரும் பில் ராபர்ட்சன் ஜூனியரும் ஹோண்டாவின் 250 சி.சி. ஸ்கிராம்ப்ளர் வண்டிகளில் மெக்சிகோவின் டிஹுவானாவில் கிளம்பி லா பாஸ் வரை போனார்கள். சுமார் 1,500 கிலோமீட்டர். பெரும்பகுதி ரோடே இல்லை. புறப்பட்ட நேரத்துக்கும் சேர்ந்த நேரத்துக்கும் சாட்சியாகத் தந்தி அனுப்பினார்கள். டேவ் எக்கின்ஸ் 40 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தப் பயணம் கிளப்பிய ஆர்வத்தில்தான் 1967ல் அதே பாதையில் பெரிய பந்தயமே தொடங்கியது. இன்று அதன் பெயர் பாஹா 1000.

கம்பெனி விழித்துக்கொண்டது

வாங்குகிறவர்கள் எல்லோரும் வண்டியை வீட்டில் அறுத்துத் தைத்துக்கொண்டிருந்தால், அதை ஏன் நாமே செய்து விற்கக்கூடாது? இந்தக் கேள்விக்கு 1968ல் யமஹா தந்த பதில் டி.டி.-1. 246 சி.சி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின், லேசான உடம்பு, மண்ணுக்கு ஏற்ற சஸ்பென்ஷன். ரோட்டு வண்டியை ஒட்டுப்போட்டு மாற்றாமல், முதலிலிருந்தே இரண்டுக்கும் சேர்த்து வடிவமைத்த வண்டி. அமெரிக்காவில் சக்கைப் போடு போட்டது. கூடவே 'ஜி.ஒய்.டி. கிட்' என்று ஒரு பெட்டியையும் யமஹா விற்றது. அதிலிருக்கும் பாகங்களை வீட்டிலேயே மாட்டினால் வண்டி பந்தயத்துக்கு ரெடி. கொட்டகை வேலையைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது என்று சொல்லலாம்.

அடுத்து 1976ல் யமஹாவின் எக்ஸ்.டி. 500 வந்தது. பெரிய ஒற்றை சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக். 1979ல் நடந்த முதல் பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் பிரான்ஸின் சிரில் நெவூ இந்த வண்டியில்தான் ஜெயித்தார். சஹாராவைத் தாண்ட சிக்கலான எஞ்சின் தேவையில்லை, வழியில் பிரித்துச் சரிசெய்ய முடிகிற எஞ்சின் போதும் என்று உலகம் தெரிந்துகொண்டது.

21 வருடம் மாறாத வண்டி

வீட்டுப் பராமரிப்பு என்ற பேச்சு வந்தால் தவிர்க்கவே முடியாத பெயர் கவாசாகி கே.எல்.ஆர். 650. 1987ல் வந்தது. 651 சி.சி., ஒற்றை சிலிண்டர், தண்ணீரால் குளிரும் எஞ்சின், முன்னால் 21 அங்குலச் சக்கரம், 23 லிட்டர் டேங்க். விலையும் மலிவு. ரோட்டிலும் சுமார், மண்ணிலும் சுமார் என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. ஆனால் உலகத்தைச் சுற்றக் கிளம்பியவர்கள் பலர் இதைத்தான் எடுத்துப் போனார்கள்.

இதன் பெரிய விசேஷம், 2007 மாடல் வரை ஏறக்குறைய எதுவுமே மாறவில்லை! புது மாடல் வரவில்லையே என்று குறை சொல்லலாம். ஆனால் வீட்டில் ரிப்பேர் பார்ப்பவர்களுக்கு இது ஒரு வரம். 1987 வண்டியில் ஒருவர் கற்றுக்கொண்டது 2007 வண்டிக்கும் பொருந்தும். பழைய வண்டியில் கழற்றிய பாகம் புதிய வண்டியிலும் உட்காரும். இருபது வருட அனுபவம் ஒரே இடத்தில் சேர்ந்தது. அப்படிச் சேர்ந்த அறிவுதான் ஒரு சின்ன இரும்புத் துண்டின் கதையை வெளியே கொண்டுவந்தது.

டூஹிக்கி!

நம் ஊரில் ஒரு சாமானின் பெயர் தெரியாவிட்டால் "அந்த இதை எடு" என்போம் இல்லையா? அமெரிக்கர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'டூஹிக்கி'. கே.எல்.ஆர். ஓட்டுபவர்களிடம் இந்த வார்த்தையைச் சொன்னால் ஒரே ஒரு பாகம்தான் நினைவுக்கு வரும்.

ஒற்றைப் பெரிய பிஸ்டன் மேலும் கீழும் ஓடும்போது வண்டி பயங்கரமாக அதிரும். அந்த அதிர்வை அடக்க எஞ்சினுக்குள் இரண்டு எடைத் தண்டுகள் சுற்றுகின்றன. அவற்றைச் சுற்றவைப்பது ஒரு செயின். செயின் என்றால் நாளாக ஆகத் தளரும். தளர்வை இழுத்துப் பிடிக்க ஒரு லிவரும் ஒரு ஸ்பிரிங்கும் உண்டு. அந்த லிவர்தான் டூஹிக்கி.

கம்பெனி சொன்ன முறை சுலபம். வெளியில் இருக்கும் ஒரு போல்ட்டைத் தளர்த்தினால் ஸ்பிரிங் லிவரை இழுக்கும், செயின் விறைக்கும், போல்ட்டைத் திரும்ப முடுக்கிவிட வேண்டியது. ஐந்து நிமிட வேலை. சிக்கல் எங்கே என்றால், அந்த லிவர் இரண்டு துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. சில வண்டிகளில் அது விரிசல் விட்டு உடைந்தது. ஸ்பிரிங்கோ, கொஞ்சம் இழுத்த பிறகு இழுக்க வலுவில்லாமல் தொளதொளத்துப் போனது. சில நேரம் ஒடிந்தே போனது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. சொந்தக்காரர் ஒழுங்காகப் போல்ட்டைத் தளர்த்தி முடுக்குவார், எல்லாம் சரி என்று நினைப்பார். உள்ளே ஒன்றுமே நடந்திருக்காது. ஒடிந்த துண்டு எஞ்சினுக்குள் சுற்றி மாட்டிக்கொண்டால் எஞ்சினே காலி. வீட்டு வாசலில் நடந்தால் பணம்தான் நஷ்டம். ஆள் நடமாட்டமே இல்லாத பாலைவனத்தின் நடுவில் நடந்தால்?

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்ற பழமொழி இந்த லிவருக்கென்றே சொன்னது போல இருக்கிறது.

எல்லா வண்டியிலும் இது உடையவில்லை. பல வண்டிகள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடின. ஆனாலும் திறந்து பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சின்னப் பட்டறைகள் ஒரே தகட்டில் வெட்டிய உறுதியான லிவரையும் நல்ல ஸ்பிரிங்கையும் செய்து விற்க ஆரம்பித்தன. மாட்டுவதற்கு எஞ்சினின் இடது பக்க மூடியைத் திறக்க வேண்டும், மேக்னெட்டைக் கழற்ற வேண்டும். அதற்குத் தனி புல்லரும், மேக்னெட் சுற்றாமல் பிடித்துக்கொள்ள ஒரு கருவியும் வேண்டும். ஒரே ஒரு நாள் வேலைக்காக இவற்றை எத்தனை பேர் வாங்குவார்கள்? அதனால் கருவிகளை ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பி இரவல் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டுக் கொட்டகையில் ஐந்தாறு வண்டிகள் வந்து நிற்கும். தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டிக்கொடுப்பார். அடுத்த முறை கற்றுக்கொண்டவர் இன்னொருவருக்குக் காட்டுவார். சம்பளம் கிடையாது!

22 செண்ட் வைத்தியம்

டூஹிக்கி மட்டும் அல்ல, இந்த வண்டிக்கு வீட்டு வைத்தியங்கள் ஏராளம்.

மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக அமெரிக்க வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் கொஞ்சம் குறைவாகவே வரும்படி வைத்திருந்தார்கள். இதனால் ஆக்சிலரேட்டர் திருகும்போது வண்டி தயங்கும். கார்புரேட்டர் ஊசிக்கு அடியில் இரண்டு குட்டி வாஷர் போட்டு ஊசியைக் கொஞ்சம் உயர்த்தினால் தயக்கம் குறைந்தது. செலவை வைத்தே இதற்கு '22 செண்ட் மாற்றம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் புகை விதியை மீறுகிற வேலை இது என்பதையும் மறக்கக்கூடாது.

முன் ஸ்ப்ராக்கெட்டில் 15 பல். மலைப்பாதைக்குப் போகும் முன் 14 பல் ஸ்ப்ராக்கெட்டை மாட்டினால் வேகம் குறையும், இழுவை கூடும். நெடுஞ்சாலைக்கு 16 பல். ஒரே வண்டிக்கு இரண்டு குணம்!

பின்பக்கம் சுமை ஏற்றினால் சீட்டைத் தாங்கும் சட்டத்தின் மேல் போல்ட்டுகள் ஒடிந்தன. சட்டத்தைக் குறுக்கே முழுதாகத் துளைத்து ஒரே நீளமான, வலுவான போல்ட்டைச் செருகினார்கள். சாமான் வைக்க விலை உயர்ந்த பெட்டி எதற்கு? பால் பாக்கெட் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட்டைக் கேரியரில் கட்டினார்கள். ராணுவம் கழித்துவிட்ட தோட்டாப் பெட்டிகளைப் பக்கவாட்டில் மாட்டினார்கள். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது.

ராணுவம் என்றதும் இன்னொரு தகவல். அமெரிக்க மரைன் படைக்காகக் கலிபோர்னியாவின் ஹேய்ஸ் டைவர்சிஃபைடு டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் இந்த வண்டியில் டீசல் எஞ்சினைப் பொருத்தித் தந்தது. விமானத்துக்கும் டாங்கிக்கும் போடுகிற அதே ஜே.பி.-8 எரிபொருளில் பைக்கும் ஓட வேண்டும் என்பதுதான் காரணம்.

கொட்டகையிடம் பாடம் படித்த கம்பெனி

2008ல் கே.எல்.ஆர். 650 முதல்முறையாகப் பெரிய அளவில் மாறியது. டூஹிக்கி லிவர் ஒரே துண்டாக, உறுதியானதாக வந்தது. ஸ்பிரிங் அப்படியேதான் இருந்தது, அதனால் பலர் அதற்குப் பிறகும் வீட்டில் மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். 2018 மாடலோடு தயாரிப்பு நின்றது. பின்பு 2022 மாடலாகத் திரும்பி வந்தபோது கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்திருந்தது. பின் சட்டத்தைப் போல்ட் போட்டு மாட்டும் முறையும் போய், முக்கியச் சட்டத்தோடு ஒன்றாகவே சேர்ந்திருந்தது. கொட்டகைகளில் வருடக்கணக்காகத் துளைபோட்டுச் சரிசெய்த அதே இடம்!

இந்தியாவில்

2011ல் ஹீரோ நிறுவனம் இம்பல்ஸ் என்ற 150 சி.சி. வண்டியைக் கொண்டுவந்தது. உடம்பு நல்ல உடம்பு, எஞ்சினுக்குத்தான் வலு போதவில்லை. சிலர் கரிஸ்மாவின் 223 சி.சி. எஞ்சினை அதில் பொருத்தி ஓட்டினார்கள். கலிபோர்னியாவில் நடந்தது இங்கேயும் நடந்தது. ஆனால் நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவான வண்டியை இஷ்டப்படி மாற்ற அனுமதிப்பதில்லை. தயாரிப்பாளர் தந்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆகவே எஞ்சின் மாற்றம் போன்ற ஆசைகளுக்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகம் ஞாபகத்துக்கு வர வேண்டும்.

சென்னையைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு 2016ல் ஹிமாலயனைக் கொண்டுவந்தது. 411 சி.சி., எளிமையான எஞ்சின். ஃபீலர் கேஜும் ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் டேப்பட் இடைவெளியை வீட்டிலேயே சரிசெய்யலாம். 2023ல் வந்த புதிய ஹிமாலயனிலோ ஆக்சிலரேட்டரையே மின்சாரக் கம்பிதான் இயக்குகிறது. வலுவும் வேகமும் கூடிவிட்டன. ஆனால் வழியில் நின்றால் ஸ்பானர் மட்டும் போதாது.

இனி?

இன்றைய வண்டிகள் பழைய வண்டிகளைவிடக் குறைவாகவே ரிப்பேர் ஆகின்றன. அதே சமயம், ரிப்பேர் ஆனால் சொந்தக்காரரின் கைக்கு எட்டும் பாகங்களும் குறைந்துகொண்டே வருகின்றன. டூஹிக்கி ஒடிகிறது என்பது தெரிய வந்ததே சாதாரண மனிதர்கள் மூடியைத் திறந்து பார்த்ததால்தான். திறக்கவே முடியாத வண்டியில் அடுத்த டூஹிக்கியை யார் கண்டுபிடிப்பது?

நல்லவேளையாக இன்னும் சில வேலைகள் நம் கைக்குள் இருக்கின்றன. செயினைக் கழுவி ஆயில் போடுவது, ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்வது, ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் எஞ்சின் ஆயிலைப் பார்ப்பது, நீண்ட பயணத்துக்கு முன் வீட்டு வாசலிலேயே ஒருமுறை டியூபைக் கழற்றி மாட்டிப் பழகுவது. பஞ்சர் கடை இல்லாத மலைப்பாதையில் தன் கையே தனக்கு உதவி!