பெரிய வண்டியின் மீதே பிழையா?

காரும் மிதிவண்டியும் மோதிக்கொண்ட இடத்தில் கூடும் கூட்டம் விசாரணை எதுவுமின்றித் தீர்ப்பு வழங்கிவிடும்: 'பெரிய வண்டிக்காரர் மேல்தான் தப்பு'. காவல் நிலையத்தில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கையும் பெரும்பாலும் அதே திசையில் செல்வதால், சட்டமே அப்படித்தான் சொல்கிறது என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். நமது சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி; அதற்குப் பின்னர் வருவோம்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், இயந்திர விசையால் இயங்கும் வாகனத்தையே மோட்டார் வாகனம் என்கிறது. காலால் மிதித்து ஓட்டப்படும் மிதிவண்டி அதில் அடங்காது. எனவே, அதற்குப் பதிவு எண் இல்லை, ஓட்டுநர் உரிமம் தேவையில்லை, காப்பீடும் கட்டாயமில்லை. மோட்டார் வாகன உரிமையாளருக்கோ 146-ஆவது பிரிவின்படி மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். விபத்து நேர்ந்தால் காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் காவல் துறைக்குத் தெரிவிப்பதும் 134-ஆவது பிரிவு ஓட்டுநருக்கு விதிக்கும் கடமைகள். கூட்டத்தின் சீற்றத்துக்கு அஞ்சி உதவ முடியாமல் போனதைச் சட்டம் பொறுத்துக்கொள்ளும். தகவல் தராமல் மறைந்துவிடுவதைப் பொறுத்துக்கொள்ளாது.

இதனால் மிதிவண்டி ஓட்டுபவர் சட்டத்துக்கு அப்பாற்பட்டவர் என்று கொள்ளக் கூடாது. பாரதிய நியாய சம்ஹிதையின் 281-ஆவது பிரிவு, பிறர் உயிருக்கு ஆபத்து விளையும் வகையில் பொதுவழியில் எந்த வாகனத்தை ஓட்டினாலும் குற்றம் என்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு ஐந்தாண்டு வரை சிறை என்று கூறும் 106(1) பிரிவும் வண்டியில் இயந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பழைய தண்டனைச் சட்டத்தில் இது இரண்டாண்டாக இருந்தது.

நான் பள்ளியில் படித்த காலத்தில், இருட்டிய பிறகு விளக்கில்லாமல் வரும் சைக்கிளையும் 'டபுள்ஸ்' போகிறவர்களையும் போலீஸார் மறித்துப் பிடிப்பார்கள்; சக்கரத்தின் காற்றைப் பிடுங்கி அனுப்புவதும் உண்டு. இன்று அந்தக் கண்டிப்பும் இல்லை; அதற்கு ஈடான தெளிவான விதிகளும் இல்லை. இயந்திரமில்லாத வாகனங்களுக்கும் பாதசாரிகளுக்கும் மாநில அரசுகள் விதிகள் வகுக்கலாம் என்று 2019-ஆம் ஆண்டின் திருத்தம் 138-ஆவது பிரிவில் இடமளித்தது. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், அந்த விதிகளை ஆறு மாதங்களுக்குள் வகுக்குமாறு 2025 அக்டோபரில் உச்சநீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட நேர்ந்தது.

தண்டனையைவிட இழப்பீட்டில்தான் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் வாழ்வு தங்கியிருக்கிறது. இதற்கு இரு வழிகள் உண்டு. 164-ஆவது பிரிவின் கீழ் யார் மீது தவறு என்ற கேள்வியே எழாது, மரணத்துக்கு ரூ. 5 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ. 2.5 லட்சம். 166-ஆவது பிரிவின் கீழ் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. ஆனால், ஓட்டுநரின் கவனக்குறைவைத் தீர்ப்பாயத்தில் நிறுவ வேண்டும். காப்பீட்டு நிறுவனம் சமரசமாக முன்வைக்கும் முதல் வகைத் தொகையை ஏற்றுக்கொண்டால், இரண்டாவது வகை மனு காலாவதியாகிவிடும். துக்க வீட்டில் கையெழுத்துக்காக நீட்டப்படும் தாள் எந்தப் பிரிவின்கீழ் வந்தது என்று கேட்க அங்கே யாருக்குத் தோன்றும்?

அந்தக் கையெழுத்தின் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மாதம் ரூ. 12,000 ஈட்டிய, 38 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் மிதிவண்டியில் செல்லும்போது லாரி மோதி இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை நம்பி நால்வர் இருக்கிறார்கள். ஆண்டு வருமானம் ரூ. 1,44,000. உச்சநீதிமன்றம் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் வகுத்தபடி, எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் ரூ. 2,01,600. அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் ரூ. 1,51,200. சரளா வர்மா வழக்கில் 2009-இல் வகுக்கப்பட்ட அட்டவணைப்படி அவர் வயதுக்குரிய பெருக்கு எண் 15. ஆக, இழப்பீடு ரூ. 22,68,000. ஈமச்சடங்கு முதலியவற்றுக்கான தொகை தனி. ஐந்து லட்சத்துக்கும் இதற்கும் உள்ள இடைவெளியைச் சொல்லத் தேவையில்லை.

இங்கேதான் 'பெரிய வண்டி' நம்பிக்கை உடைகிறது. மிதிவண்டியில் வந்தவர் கை காட்டாமல் திரும்பினார், எதிர்த்திசையில் வந்தார், விளக்கில்லாமல் வந்தார் என்று காப்பீட்டு நிறுவனம் வாதிடும். தீர்ப்பாயம் அதை ஏற்று, விபத்தில் அவருக்கும் கால் பங்கு பொறுப்பு உண்டு என்று முடிவு செய்தால், இழப்பீட்டில் ரூ. 5,67,000 குறைந்துவிடும். மும்பையில் மாநகராட்சிப் பேருந்து மோதி மிதிவண்டியில் சென்ற இளைஞர் இறந்த வழக்கில், இத்தகைய பங்குப் பொறுப்பை உச்சநீதிமன்றம் 2003-இல் விரிவாக ஆராய்ந்திருக்கிறது. சிறு குழந்தைகள் மீது இந்தக் கழிவைச் சுமத்த நீதிமன்றங்கள் பொதுவாகத் தயங்குகின்றன.

இன்னொரு கழிவு வெளியே தெரியாமல் நடக்கிறது. கூலித் தொழிலாளியிடம் சம்பளச் சீட்டு இராது. அவருடைய வருமானத்தை ரூ. 12,000-க்குப் பதிலாக ரூ. 9,000 என்று தீர்ப்பாயம் மதிப்பிட்டால், மேற்கண்ட கணக்கில் சரியாக அதே ரூ. 5,67,000 போய்விடும். தவறே செய்யாதவரும், கால் பங்கு தவறு செய்தவரும் ஒரே தொகையில் வந்து நிற்பார்கள்.

இறந்தவர் சாட்சி சொல்ல முடியாது. ஓட்டுநர் சொல்வதே பல நேரங்களில் ஒரே சாட்சியம். குற்றவியல் வழக்கில் வேண்டப்படும் ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் இழப்பீட்டு வழக்கில் தேவையில்லை, எது நடந்திருக்கக் கூடும் என்ற நிகழ்தகவே போதும் என்று 2009-இல் விமலா தேவி வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது பெரிய ஆறுதல். ஆயினும், நிரூபிக்கும் சுமை இன்னும் அடிபட்டவர் பக்கமே இருக்கிறது.

1977-இல் மினு மேத்தா வழக்கில், கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டால் இழப்பீடு இல்லை என்று உச்சநீதிமன்றம் கூறியது. அதன் கடுமையைத் தணிக்கவே 1982-இல் தவறு பாராத இழப்பீடு சட்டத்தில் நுழைந்தது. அன்றைய தொகை மரணத்துக்கு ரூ. 15,000. ஆபத்தான பொருளைக் கொண்டுவருபவரே அதன் விளைவுக்குப் பொறுப்பு என்ற பழைய ஆங்கிலேய நெறி வாகன விபத்துக்கும் பொருந்தும் என்று 2001-இல் கௌஷ்னுமா பேகம் வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது. எனினும் சட்டம் முழுமையாக அந்தப் பக்கம் நகரவில்லை.

நெதர்லாந்து நகர்ந்துவிட்டது. அங்கே காருடன் மோதும் மிதிவண்டிக்காரர் 14 வயதுக்கு உட்பட்டவரானால், இழப்பு முழுவதும் கார் தரப்பையே சேரும். பெரியவர்களானால், அவர்கள் மீது தவறு இருந்தாலும், பொதுவாகப் பாதிக்குக் குறையாமல் கிடைக்கும். பிரான்ஸில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் மன்னிக்கவே முடியாத தவறு நீங்கலாக மற்றத் தவறுகளைக் கணக்கில் எடுப்பதில்லை. 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 70 வயதைக் கடந்தவர்களுக்கும் அந்த விலக்கும் கிடையாது.

இதை இரக்கம் என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. விபத்தின் செலவை எளிதில் தவிர்க்கக் கூடியவர் மீதே அதைச் சுமத்த வேண்டும் என்று அமெரிக்க சட்ட அறிஞர் கைடோ கலபிரேசி 1970-இலேயே வாதிட்டார். 50 கி.மீ. வேகத்தில் வரும் 1,200 கிலோ காரின் இயக்க ஆற்றல், 15 கி.மீ. வேகத்தில் ஆளோடு 80 கிலோ எடையுள்ள மிதிவண்டியின் ஆற்றலைப்போல் நூறு மடங்குக்கும் மேல். அந்த ஆபத்தைக் கொண்டுவருபவரிடம் காப்பீடு இருக்கிறது. இழப்பு லட்சக்கணக்கான பிரீமியங்களில் பகிரப்படும். மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி கொடுத்துச் சாலைக்கு அனுப்பும் நமது மாநிலத்துக்கு இந்த வாதம் கூடுதலாகவே பொருந்தும். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்காவது 166-ஆவது பிரிவில் தவறு என்ற கேள்வியை நீக்கிவிடலாம் என்பது என் கருத்து.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. மிதிவண்டி ஒரு முதியவர் மீது மோதி இடுப்பெலும்பை முறித்தால், அவர் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தை நாட முடியாது. உரிமையியல் நீதிமன்றம்தான் கதி. ஜப்பானில் 11 வயதுச் சிறுவனின் மிதிவண்டி மோதி ஒரு பெண் நினைவிழந்த வழக்கில், அவன் தாய் சுமார் 9.5 கோடி யென் தர வேண்டும் என்று 2013-இல் கோபே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 250 வாட்டுக்குக் குறைந்த திறனும் 25 கி.மீ.க்கு உட்பட்ட வேகமும் கொண்ட மின்சார வண்டிகளையும் நமது விதிகள் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. உணவு விநியோகத்துக்காக அவை ஓடும் வேகத்தைத் தெருவில் பார்க்கிறோம். அவற்றுக்குக் காப்பீடு ஏதும் கட்டாயமில்லை.

சட்டம் மாறும்வரை இருப்பதைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஊரில் மட்டுமல்ல, மனுதாரர் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் தாக்கல் செய்யலாம். ஆறு மாதக் கெடு உண்டு. அதன் செல்லுபடி உச்சநீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகியிருந்தாலும், அதை நம்பிக் காத்திருப்பது நல்லதல்ல. மோதிய வாகனம் அடையாளம் தெரியாமல் போய்விட்டாலும் மரணத்துக்கு ரூ. 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு ரூ. 50,000-மும் கிடைக்கும், அதற்கான விண்ணப்பம் செல்ல வேண்டிய இடம் தீர்ப்பாயம் அல்ல, வருவாய்த் துறை அலுவலகம்.