உப்பும் உறைப்பும்: ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

உணவில் உப்பை அளவாக இடுவது ஒரு முறை. உறைப்புப் பொருளோடு அதனைச் சேர்த்து அரைத்து, அக்கலவையையே தொடுகறியாகக் கொள்வது பிறிதொரு முறை. செத்தல் மிளகாயையும் உப்பையும் அம்மியில் அரைத்து, வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் கூட்டும் சம்பல் இரண்டாவதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். சிங்கள மக்கள் இதனை 'லுணு மிரிஸ்' என்பர். வசதியுள்ளோர் மாசியும் சேர்ப்பர். கறிக்கு வழியற்ற வீட்டில் ரொட்டியையும் அவித்த மரவள்ளிக்கிழங்கையும் உண்ணத்தக்கனவாக்குவது இதுவே. எனவே உழைக்கும் மக்களின் உணவு வரலாற்றில் இதற்குத் தனி இடமுண்டு.

இக்கலவையின் இரு கூறுகளும் ஒரே வரலாற்றை உடையன அல்ல. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக்குரியது; 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் தொடர்பின் வழியே தென்னாசியாவை அடைந்தது. அதற்கு முன்னர் உறைப்புக்கு மிளகே பயன்பட்டது. மொழியே இதற்குச் சான்று. 'மிளகாய்' என்னும் சொல்லில் மிளகு உறைகின்றது. சிங்களத்தில் முன்பு மிளகைக் குறித்த 'மிரிஸ்' பின்னர் மிளகாய்க்கு உரியதாக, மிளகு 'கம்மிரிஸ்' ஆயிற்று. இம்மாற்றத்தைச் சுவை ஒன்றினால் மட்டும் விளக்கிவிட முடியாது. மிளகுக்கு ஈரலிப்பான காலநிலை வேண்டும். வறண்ட பகுதியினர் அதனை விலைகொடுத்தே பெற வேண்டியிருந்தது. மேலும் அது ஐரோப்பிய வணிக வல்லரசுகள் போட்டியிட்ட பண்டம். மிளகாயோ கிணற்று நீரில், வீட்டுக் கோடியிலும் விளையும்; வெயிலில் காயவைத்துச் சேமிக்கலாம். உறைப்பு இவ்வாறு எளியோர்க்கும் உரியதாயிற்று.

உப்பின் வரலாறு இதற்கு எதிர்த்திசையிற் சென்றது. சங்க காலத்தில் உமணர் வண்டிகளில் ஏற்றிச் சென்று நெல்லுக்கு மாற்றிய பண்டம் அது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமானபோது, உள்நாட்டுக் கண்டி இராச்சியம் உப்புக்கு அயலாட்சியை எதிர்நோக்க நேர்ந்தது. பிரித்தானியர் ஆட்சியில் உப்பு அரச தனியுரிமையாயிற்று. வெயிலும் காற்றும் தாமே விளைவித்த உப்பை அனுமதியின்றி அள்ளுதல் குற்றமாயிற்று. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வுல்ஃப், அங்கு உப்புச் சேகரிப்பை மேற்பார்வை செய்தமை இத்தனியுரிமையின் நடைமுறையைக் காட்டும்.

ஆயினும் உறைப்பு என்றும் ஆட்சியின் பிடிக்கு அப்பாற்பட்டதாக இருந்ததெனக் கொள்ளுதல் தவறாகும். 1970–77 காலப்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் நல்ல விலை பெற்றனர். வாங்கியுண்டோர் அவ்விலையைச் சுமந்தனர். 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் அச்செய்கையாளரைப் பாதித்தது. தோட்டத்தில் விளைந்த மிளகாயும் சந்தைப் பண்டமானதும் அரச கொள்கைக்கு உட்பட்டது.

அரசர் விருந்துகளைப் பதிவுசெய்த வரலாறு அம்மியைப் பொருட்படுத்தியதில்லை. எனினும், மக்கள் தாமே விளைவித்துக்கொண்டது எது, ஆள்வோர் தம் கையில் வைத்துக்கொண்டது எது என்னும் வினாவை அடுக்களையிலிருந்தும் எழுப்பலாம். ஒரு பிடி சம்பல் அதற்குப் போதிய சான்றாகும்.