தீனபந்து ஆண்ட்ரூசும் உயிரின் மதிப்பும்

ஓர் உயிரின் மதிப்பு யாது என்னும் வினாவுக்குச் சமயங்கள் யாவும் விடை பகர்ந்துள்ளன. மனிதன் இறைவனின் சாயலாகப் படைக்கப்பட்டவன் என்பது விவிலியத்தின் முதற் பகுதியிலேயே காணப்படும் கொள்கையாகும். வறியவரை ஒரு சோடிச் செருப்பின் விலைக்கு விற்றவர்களை இடித்துரைத்த தீர்க்கதரிசி ஆமோசின் சினமும், பசித்தோர்க்கும் சிறைப்பட்டோர்க்கும் செய்வன யாவும் தமக்கே செய்தவையாகும் என்ற இயேசுபிரானின் போதனையும் அவ்வேரினின்று கிளைத்தவையே. இவற்றின்படி நீதி என்பது வல்லவன் எளியவன்பால் காட்டும் இரக்கமன்று; எளியவனுக்கு உரியதை அவனுக்கு அளித்தலே நீதி.

கொள்கை ஏட்டில் இருப்பது வேறு. அது நாட்டின் சட்டத்தை எதிர்த்து நிற்பது வேறு. அவ்வாறு எதிர்த்து நின்ற வரலாறு ஒன்று, கடல் கடந்து சென்ற நம் முன்னோரின் வாழ்வோடு பின்னிக் கிடக்கிறது. அதுவே சி. எஃப். ஆண்ட்ரூஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் ஒப்பந்தக் கூலி முறையை எதிர்த்து நடத்திய போராட்டமாகும்.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833ஆம் ஆண்டில் நிறைவேறியது. அடிமைகளை இழந்த தோட்ட முதலாளிகள் இந்தியாவை நோக்கித் திரும்பினர். மொரீசியசு, மேற்கிந்தியத் தீவுகள், நேட்டால் எனப் பல நாடுகளுக்கும் இந்தியர் ஏற்றிச் செல்லப்பட்டனர். 1879 முதல் 1916 வரை பிஜித் தீவுக்கு மட்டும் 60,000க்கும் மேற்பட்டோர் சென்றனர். அவர்களுள் ஏறத்தாழக் கால் பங்கினர் 1903க்குப் பின் சென்னையில் கப்பலேறிய தமிழர், தெலுங்கர் முதலிய தென்னாட்டவர்.

ஒப்பந்தம் ஐந்தாண்டுக் காலத்துக்குரியது. நாட்கூலி ஆணுக்கு ஒரு சில்லிங். பெண்ணுக்கு ஒன்பது பென்சு. கைச்சாத்திட்டவன் வேலைக்கு வாராதிருந்தால் அது கடன் வழக்கன்று, குற்ற வழக்கு. தண்டமும் சிறையும் அவனுக்குக் காத்திருந்தன. ஒவ்வொரு நூறு ஆடவர்க்கும் நாற்பது பெண்கள் அனுப்பப்பட வேண்டும் என்பது விதி. தொழிலாளர் குடியிருந்த லயங்களை அவர்களே 'நரகம்' என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர்.

தோட்ட முதலாளிகளுள் பெரும்பாலோர் கிறித்தவர்களே என்பதை ஈண்டு மறத்தலாகாது. ஆயினும் அச்சமயத்தின் பெயராலேயே எதிர்ப்புக் குரலும் எழுந்தது. பிஜியில் பணிபுரிந்த மெதடிஸ்டு பாதிரியார் ஜே. டபிள்யூ. பர்ட்டன் 1910ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இம்முறையைச் சாடினார். சுவாவில் ஆதரவற்ற குழந்தைகளைப் பேணிவந்த ஹன்னா டட்லி அம்மையார், பெண்கள் உற்ற அவலங்களைக் கடிதவாயிலாக வெளியுலகுக்கு உணர்த்தினார்.

1871ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்த ஆண்ட்ரூஸ், 1904இல் டில்லி தூய ஸ்டீபன் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தவர். 1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கோகலேயின் விருப்பப்படி, தம் நண்பர் பியர்சனுடன் தென்னாப்பிரிக்கா சென்றார். டர்பன் துறைமுகத்தில் காந்தியடிகளைக் கண்டதும் குனிந்து அவர் பாதங்களைத் தொட்டு வணங்கினார். வெள்ளையர் ஒருவர் இந்தியர் ஒருவரை இங்ஙனம் வணங்கியது அந்நாட்டு வெள்ளையரைத் திடுக்கிடச் செய்தது. ஒப்பந்தம் முடிந்த இந்தியர்மீது சுமத்தப்பட்ட மூன்று பவுன் தலைவரி அவ்வாண்டிலேயே நீங்கிற்று. ஆனால், முதுகில் அடியின் தழும்பு தாங்கிய ஒரு தொழிலாளியின் தோற்றம் ஆண்ட்ரூசின் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. பின்னொரு நாள் அவ்வேழையின் முகம் கிறித்துவின் முகமாகவே தம் அகக்கண்ணுக்குத் தோன்றியதாக அவர் எழுதியுள்ளார். அவ்வுந்துதலோடு 1915ஆம் ஆண்டின் இறுதியில் பியர்சனுடன் பிஜியை அடைந்தார்.

அதற்கு முன்னரே, 1913ஆம் ஆண்டில், இந்திய அரசாங்கம் மெக்நீல், சிமன்லால் என்னும் இருவரைக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பியிருந்தது. அவர்கள் எதையும் மறைத்தாரல்லர். பத்து இலட்சம் பேருக்குத் தற்கொலை செய்துகொண்டோர் சென்னை மாகாணத்தில் 45 பேர். பிஜியின் ஒப்பந்தத் தொழிலாளரிடையே 926 பேர். இருபது மடங்கு! இத்தகைய செய்திகளையெல்லாம் திரட்டிய பின்னரும், இம்முறையின் தீமைகளைவிட நன்மைகளே மிகுதி என அவர்கள் முடிவு கூறினர். சில திருத்தங்கள் போதும் என்றனர்.

ஆண்ட்ரூசும் பியர்சனும் அதே கணக்கைத்தான் கையில் எடுத்தனர். ஆயின், முடிவு வேறாயிற்று. பெண்கள் பொருட்டு எழும் பொறாமையே தற்கொலைக்கும் கொலைக்கும் காரணம் என அதிகாரிகள் கூறிவந்தனர். நூற்றுக்கு நாற்பது என வகுத்தவர் யார்? குடும்பமாய் வாழ இடமில்லாத லயங்களைக் கட்டியவர் யார்? தொழிலாளியின் ஒழுக்கத்தின்மீது ஏற்றப்பட்ட பழி சட்டத்தின்மீதே சென்று விழுகிறதன்றோ? கூலி உயர்ந்தாலும், மருத்துவமனை பெருகினாலும், மனிதனைக் கருவியாக்கும் ஒப்பந்தம் நீடிக்கும்வரை தீமை நீங்காது என்பதே அவர்கள் கண்ட உண்மை. முன்னவர் ஊதியத்தையும் சேமிப்பையும் ஒரு தட்டிலும், மாண்டோரை மறு தட்டிலும் இட்டு நிறுத்தனர். ஆண்ட்ரூசுக்கோ அவ்வாறு நிறுப்பதே அறமன்று. இறைவனின் சாயலுக்கு ஈடாக எதைத் தட்டில் இடுவது?

1916 மார்ச்சில் மதன்மோகன் மாளவியா இந்தியச் சட்டமன்றத்தில் ஒப்பந்த ஒழிப்புத் தீர்மானத்தைக் கொணர்ந்தார். அரசப் பிரதிநிதி ஹார்டிஞ்சு பிரபு அதனை ஏற்றார். எனினும், மாற்று ஏற்பாடு அமையும்வரை மேலும் சில ஆண்டுகள் ஆள்சேர்ப்பு தொடரக்கூடும் என்பது தெரியவந்தபோது ஆண்ட்ரூஸ் மீண்டும் கிளர்ந்தெழுந்தார். நாடெங்கும், சிறப்பாகப் பெண்களிடையே, எதிர்ப்பு மூண்டது. பிஜியின் கரும்புத் தோட்டங்களில் வருந்திய மாதரைப் பற்றி நம் பாரதியாரும் பாடினார். 1917 மார்ச்சில் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. பிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்கள் யாவும் 1920 சனவரி முதல் நாளில் நீக்கப்பட்டன. ஏழைகளின் உறவினன் எனப் பொருள்படும் 'தீனபந்து' என்னும் பெயரை இந்திய மக்கள் அவருக்குச் சூட்டினர். 1940இல் கல்கத்தாவில் அவர் மறைந்தார்.

மலாயாவில் ஒப்பந்த முறை 1910ஆம் ஆண்டிலேயே முடிவுற்றது. அதற்கு முன் புரோவின்சு வெல்லெசுலியின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களும் பிஜித் தமிழரைப் போன்றே கைச்சாத்திட்டவர்கள்தாம். ஆதலின் இவ்வரலாறு நமக்கு அயலார் வரலாறன்று.

வரலாற்றுப் பாடத்தில் எண்கள் நிறைய வருகின்றன. மாணவர் அவற்றை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுகின்றனர். 926 என்பதும் ஓர் எண்ணே. அதைக் கண்டும் நன்மையே மிகுதி என்று எழுதக் கற்றோரால் இயன்றது. அதே எண்ணில் மனித முகங்களைக் காணவும் கற்றோர் ஒருவரால் இயன்றது. இருவகைக் கல்வியும் உலகில் உண்டு. இரண்டாவது கல்வியை வளர்ப்பதே ஆசிரியர் கடமை. எந்தச் சமயத்தைச் சார்ந்தவராயினும், ஆண்ட்ரூசின் வாழ்விலிருந்து நாம் பெறத்தக்க பாடம் இதுவேயாகும்.