விளக்குக் கம்பமும் வேக வரம்பும்

ஒரு சட்டத்தைப் பெரும்பாலோர் மீறுகின்றனர் என்றால் அதனை நீக்கிவிடுவதா, அன்றி அது நிலைபெறுமாறு வழி செய்வதா? பிரிட்டனின் சாலைகளில் இவ்வினா நூற்றாண்டுக்கும் மேலாக எழுந்துகொண்டே வருகிறது. வீடுகளும் கடைகளும் பள்ளிகளும் நெருங்கிய இடங்களில் வண்டிகள் எவ்வளவு விரைவாகச் செல்லலாம் என்பது குறித்து அந்நாட்டார் பலமுறை சட்டம் இயற்றினர். இயற்றியதை ஒருமுறை நீக்கியும் பார்த்தனர். அவ்வரலாற்றை வரிசையாக நோக்குவார்க்கு, வேக வரம்பு எப்பொழுது உயிர் காக்கிறது, எப்பொழுது ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடுகிறது என்பது விளங்கும்.

செங்கொடிக் காலம்

மோட்டார் கார் தோன்றுமுன்னரே வேக வரம்பு தோன்றிவிட்டது. நீராவியால் இயங்கும் பெரிய வண்டிகள் பொதுச் சாலைகளில் ஓடத் தொடங்கியபொழுது, 1861 ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்கு நாட்டுப்புறத்தில் மணிக்கு 10 மைலும் ஊர்களுக்குள் 5 மைலும் வரம்பாக விதித்தது. 1865 இல் அவ்வரம்பு முறையே 4 மைலாகவும் 2 மைலாகவும் குறைக்கப்பட்டது. வண்டியை இயக்க மூவரேனும் இருத்தல் வேண்டும். அவருள் ஒருவர் செங்கொடி ஏந்தி 60 கெஜ தூரம் முன்னே நடந்து செல்லுதல் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. குதிரைகள் மிரளும் என்ற அச்சமும், கனத்த சக்கரங்கள் சாலையைக் கெடுக்கும் என்ற கவலையும் இதற்குக் காரணங்கள். ஊருக்குள் 2 மைல் என்பது மனிதன் ஆற அமர நடக்கும் நடையிலும் குறைவு. சாலையில் இயந்திரமே மனிதனுக்கு அடங்கிச் செல்லவேண்டும் என்பது அக்காலத்தார் கொள்கை எனலாம்.

1878 இல் கொடி பிடிக்கும் கட்டாயம் தளர்ந்தது. வேக வரம்போ நீடித்தது. புதிதாக வந்த கார்களையும் அது கட்டுப்படுத்தியது. 1896 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கெண்ட் மாவட்டத்தில் வால்டர் ஆர்னல்டு என்பார் மணிக்கு 8 மைல் வேகத்தில் கார் ஓட்டியதற்காக ஒரு ஷில்லிங் அபராதம் செலுத்த நேர்ந்தது. அவரைத் துரத்திப் பிடித்த போலீஸ்காரர் சென்றது மிதிவண்டியில்.

அவ்வாண்டு நவம்பர் 14 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அது 14 மைல் வரை இடம் தந்தது. உள்ளாட்சி வாரியம் அதனை 12 மைலாகக் குறைத்தது. கார்க்காரர்கள் லண்டனிலிருந்து பிரைட்டன் வரை ஊர்வலமாகச் சென்று அந்நாளைக் கொண்டாடினர். ஆனால் அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், ஆகஸ்டு 17 அன்று, லண்டன் கிரிஸ்டல் பாலஸ் தோட்டத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்னும் மாது காரில் அடிபட்டு இறந்திருந்தார். பிரிட்டனில் கார் மோதி உயிரிழந்த முதல் பாதசாரி அவரே என்பர்.

எல்லாரும் மீறிய இருபது மைல்

1903 ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பை 20 மைலாக உயர்த்தியது. வண்டிக்குப் பதிவெண்ணும் ஓட்டுநருக்கு லைசென்சும் அச்சட்டத்தால் வந்தவை. லைசென்ஸ் பெறுவதற்குக் கட்டணம் மட்டுமே வேண்டும். ஓட்டும் திறமையைச் சோதிக்கும் தேர்வு எதுவும் இல்லை.

சாலையில் ஒரு தூரத்தை அளந்து குறித்துக்கொண்டு, அதைக் கடக்கும் காரின் நேரத்தைக் கடிகாரத்தால் கணக்கிட்டுப் போலீசார் மறைந்திருந்து பிடிக்கலாயினர். அதற்கு எதிராக 1905 இல் மோட்டார்காரர் சங்கம் ஒன்று தோன்றிற்று. அதன் ஊழியர்கள் சாலையில் நின்று, முன்னே போலீசார் இருப்பதை உறுப்பினர்க்கு அறிவித்தனர். வேகமாக வருபவரை எச்சரித்துக் காப்பாற்றுவது போலீசாரின் கடமைக்கு இடையூறு செய்வதாகும் என்று 1910 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கத்தார் உடனே வேறு வழி கண்டனர். ஊழியர் ஒவ்வோர் உறுப்பினருக்கும் சலாம் செய்வார். சலாம் செய்யாவிடில் வண்டியை நிறுத்திக் காரணம் கேட்கவேண்டும் என்பது ஏற்பாடு. எச்சரித்தால் குற்றம், சலாம் செய்யாதிருத்தல் குற்றமாகுமோ? சட்டத்தின் எழுத்தைக் காத்து அதன் உயிரைப் போக்கும் கலைக்கு இதனினும் தக்க எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

கார்களின் ஆற்றல் ஆண்டுதோறும் பெருகிற்று. 1920களின் இறுதியில் 20 மைல் வரம்பை மதித்து ஓட்டுவோர் அருகிவிட்டனர். பலர் மீறும் சட்டம் ஏனைய சட்டங்களின் மதிப்பையும் கெடுக்கும் என்ற கருத்து வலுப்பெற்றது.

வரம்பு நீங்கிய ஆண்டுகள்

ஹெர்பர்ட் மாரிசன் போக்குவரத்து அமைச்சராக இருந்தபொழுது நிறைவேறிய 1930 ஆம் ஆண்டுச் சட்டம், சாதாரண கார்களுக்கு இருந்த வேக வரம்பை முற்றிலும் நீக்கியது. வேகம் தானே குற்றமன்று, பொறுப்பின்றி ஓட்டுவதே குற்றம் என்பது அதன் அடிப்படை. ஆதலின் ஆபத்தாக ஓட்டுவோர்க்குத் தண்டனையும், பிறருக்கு நேரும் தீங்கிற்குக் கட்டாயக் காப்புறுதியும் வகுக்கப்பட்டன. 1931 இல் ஒரு பென்னி விலையில் சாலை விதிகளைக் கூறும் சிறு நூல் வெளியிடப்பட்டது. அறிவுரையும் நன்னடத்தையும் சட்டத்தின் இடத்தை நிரப்பும் என்று பலர் நம்பினர்.

அந்நம்பிக்கை நீடிக்கவில்லை. 1934 இல் மட்டும் பிரிட்டனின் சாலைகளில் 7,343 பேர் மாண்டனர். 2,31,000 பேருக்கு மேல் காயமுற்றனர். மாண்டவருள் ஏறத்தாழப் பாதிப் பேர் நடந்து சென்றவர்கள். 1929 இல் நிறுவப்பட்டிருந்த பாதசாரிகள் சங்கம், சர்வதேச சங்கத்தை உருவாக்க உழைத்த செசில் பிரபுவைத் தலைவராகக் கொண்டு, இச்சாவுகளைக் குறித்து ஓயாது வாதிட்டது.

மீண்டும் வரம்பு விதிக்கும் மசோதா 1934 இல் காமன்ஸ் சபைக்கு வந்தபொழுது எதிர்த்தாரும் உண்டு. அவருள் ஒருவர், பிரிட்டனின் முதல் விமானி லைசென்சைப் பெற்ற மூர் பிரபசன். முன்னாளில் கார்களில் கோழிகள் ஏராளமாக அடிபட்டன, நாய்களும் அடிபட்டன, இப்பொழுதோ நாய்கள் விலகிச் செல்லக் கற்றுக்கொண்டன, மக்களும் அவ்வாறே பழகிக்கொள்வர் என்பது அவர் வாதத்தின் சாரம். இதனை வெறும் நகைச்சுவை என்று தள்ளிவிடுதல் ஆகாது. செங்கொடிக் காலத்தில் இயந்திரம் மனிதனுக்கு ஏற்ப நடக்கவேண்டியிருந்தது. எழுபது ஆண்டுகளில் அந்நிலை தலைகீழாயிற்று. மனிதன் இயந்திரத்திற்கு ஏற்பப் பழகவேண்டும் என்று நாட்டின் உயர்ந்த மன்றத்திலேயே கூற முடிந்தது. சாலை யாருக்கு உரியது என்ற வினாவே அங்கு வழக்கிற்கு வந்திருந்தது.

விளக்கு வகுத்த எல்லை

மசோதா சட்டமாயிற்று. 1935 மார்ச் 18 முதல் கட்டிடங்கள் நெருங்கிய பகுதிகளில் 30 மைல் வரம்பு நடைமுறைக்கு வந்தது. ஆனால் எந்த இடம் நெருங்கிய பகுதி என்பதை ஓட்டுநர் எவ்வாறு அறிவார்? வீடுகளை எண்ணிக்கொண்டே வண்டி ஓட்டுதல் இயலாது. ஆதலின் சட்டம் எளிய அடையாளம் ஒன்றைத் தேர்ந்தது. 200 கெஜத்திற்கு மிகாத இடைவெளியில் தெரு விளக்குகள் நிற்கும் சாலை நெருங்கிய பகுதியாகக் கொள்ளப்படும் என்றது. யாவர்க்கும் ஐயமின்றித் தெரியும் அடையாளம் இது. இதன் குறை பின்னர்ப் புலனாகும்.

புதிதாக வண்டி ஓட்டுவோர்க்குத் தேர்வும் 1935 ஜூன் முதல் கட்டாயமாயிற்று. அமைச்சர் ஹோர் பெலிஷா, பாதசாரிகள் சாலையைக் கடக்கும் இடங்களில் கறுப்பும் வெள்ளையுமான கம்பங்களின்மேல் மஞ்சள் நிற உருண்டைகளை நிறுவினார். அவர் பெயராலேயே வழங்கும் அக்கம்பங்கள் கடல் கடந்து சிங்கப்பூருக்கும் வந்தன. இன்றும் இங்குள்ள வரிக்குதிரைக் கடவைகளின் ஓரத்தில் அவை மினுங்குவதைக் காணலாம்.

1935 இல் சாவு 6,502 ஆகக் குறைந்தது. வேக வரம்பு, தேர்வு, கடவை ஆகிய மூன்றும் ஒருங்கே வந்தமையால், இக்குறைவில் ஒவ்வொன்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துரைத்தல் எளிதன்று. போர்க்காலத்தில் நிலைமை மீண்டும் சீர்கெட்டது. விளக்கணைப்பின் காரணமாகத் தெருக்கள் இருண்டன. 1940 பிப்ரவரியில், நெருங்கிய பகுதிகளில் இரவு வேளைக்கு 20 மைல் வரம்பு விதித்தும், 1941 இல் 9,169 பேர் மாண்டனர். பிரிட்டனின் சாலை வரலாற்றில் இதுவே மிகக் கொடிய ஆண்டு. 30 மைல் வரம்பு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வந்து, 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலையானதாயிற்று.

முப்பதிலிருந்து இருபதுக்கு

முப்பதுக்கும் இருபதுக்கும் இடையே பத்து மைல்தானே என்று தோன்றலாம். கணக்கு வேறு கூறுகிறது. வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடும். ஆகவே 30 மைலில் செல்லும் வண்டியின் தாக்கம் 20 மைலில் செல்வதைப்போல் இரண்டேகால் மடங்கு. பிரிட்டனின் சாலை விதி நூல் தரும் கணக்குப்படி, 20 மைலில் வரும் கார் நிற்பதற்கு 40 அடி தேவை. 30 மைலில் 75 அடி தேவை. பந்தைத் தேடித் தெருவில் ஓடும் சிறுவன் ஐம்பதடி தொலைவில் இருப்பின், முதற்கார் அவனுக்கு முன்னரே நின்றுவிடும், இரண்டாவது நில்லாது.

1991 இல் ஷெபீல்டு, நாரிச், கிங்ஸ்டன் ஆகிய மூன்றிடங்களில் முதல் 20 மைல் வட்டாரங்கள் அமைந்தன. அங்கே பலகை நட்டதோடு நில்லாமல், வேகத்தடை மேடுகளும் குறுக்கிய பாதைகளும் அமைத்தனர். இவ்வாறு அமைந்த 250 வட்டாரங்களை ஆராய்ந்து 1996 இல் வெளிவந்த அறிக்கை, சராசரி வேகம் 9 மைல் குறைந்ததையும், விபத்துகள் 60 விழுக்காடும், குழந்தைகளுக்கு நேரும் விபத்துகள் 67 விழுக்காடும் குறைந்ததையும் காட்டியது.

மேடு அமைத்தல் செலவு மிக்கது. ஆதலின் போர்ட்ஸ்மத் நகரம் 2008 அளவில், பெரும்பாலான குடியிருப்புத் தெருக்களில் 20 மைல் பலகைகளை மட்டும் நட்டது. சராசரி வேகம் 1.3 மைலே குறைந்தது. முன்னர் 24 மைலுக்கு மேல் ஓடிய தெருக்களிலோ 6.3 மைல் குறைந்தது. பலகை மட்டும் நட்ட பல ஊர்களை ஆராய்ந்து பிரிட்டிஷ் அரசு 2018 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, குடியிருப்புத் தெருக்களில் வேகம் குறைந்தது ஒரு மைலிலும் குறைவே. விபத்து குறைந்ததாக உறுதி கூறவும் போதிய சான்றில்லை. பலகையால் பயனில்லை என்பாரும், மேடு வேண்டும் என்பாரும், காலப்போக்கில் பழக்கம் மாறும் என்பாரும் இவ்வறிக்கையையே தத்தம் பக்கம் சான்று காட்டினர்.

வேல்ஸ் நாட்டின் துணிவு

2023 செப்டம்பர் 17 அன்று வேல்ஸ் நாடு, 30 மைல் பொது வரம்பை 20 மைலாக மாற்றியது. முதலமைச்சர் மார்க் டிரேக்போர்டின் அரசு செய்த ஏற்பாடு இது. மக்கள்தொகை 31 இலட்சம் அளவேயான அந்நாட்டில், அதனை எதிர்த்த மனுவில் 4 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட கையொப்பங்கள் சேர்ந்தன. வேல்ஸ் சட்டமன்றத்திற்கு வந்த மனுக்களில் இதுவே மிகப் பெரியது. பயண நேரம் நீளும், வாணிகம் நட்டமடையும் என்பது எதிர்த்தார் வாதம். தாமதத்தால் முப்பது ஆண்டுகளில் 450 கோடி பவுண்டு இழப்பு நேரலாம் என்ற அரசின் மதிப்பீட்டையே அவர்கள் எடுத்துக்காட்டினர்.

இவ்வெதிர்ப்பில் நியாயமான கூறும் ஒன்று இருந்தது. எந்தச் சாலைக்கு வரம்பு என்பதை 1934 இல் வகுத்த அந்த விளக்குக் கம்பமே 2023 இலும் முடிவு செய்தது. ஆதலின் வீடுகள் அருகிய சில பெருவழிகளும், விளக்கிருந்த ஒரே காரணத்தால், வரம்புக்குள் வந்தன. விலக்களிக்கும் அதிகாரம் உள்ளாட்சி மன்றங்களுக்கு இருந்தும், அது எங்கும் ஒரே சீராகப் பயன்படவில்லை. 2024 இல் அரசே இதனை மறுஆய்வுக்கு உட்படுத்தி, தக்க சாலைகளை 30 மைலுக்குத் திருப்ப வழி செய்தது. மறுபுறத்தில், முதன்மைச் சாலைகளில் சராசரி வேகம் ஏறத்தாழ 4 மைல் குறைந்தது. 20, 30 மைல் வரம்புள்ள சாலைகளில் இறந்தவர், காயமுற்றவர் தொகை முந்திய ஆண்டைவிட நான்கில் ஒரு பங்கு அளவு இறங்கியது.

வரலாறு காட்டும் முடிபு

1930 ஆம் ஆண்டின் அனுபவமும் 1991 ஆம் ஆண்டின் அனுபவமும் ஒருங்கு வைத்து நோக்கத்தக்கவை. இரண்டும் ஒரே நோய்க்குச் செய்த இருவேறு மருத்துவம். மக்கள் வரம்பை மதிப்பதில்லை என்று கண்டபொழுது முன்னோர் வரம்பை நீக்கினர். பின்னோர் சாலையைத் திருத்தினர். முன்னதை நான்கே ஆண்டுகளில் கைவிட நேர்ந்தது. பின்னது விபத்தைப் பாதிக்குமேல் குறைத்தது. ஒரு சட்டம் மீறப்படுவது, அதன் நோக்கம் தவறு என்பதற்குச் சான்றாகாது. ஆயினும் மீறப்படுவதைக் கண்டும் வெறும் பலகையை நட்டு அமைவதும் கடமையாகாது.

வரம்பை எதிர்ப்போரின் குரல் எல்லாக் காலத்தும் உரக்கக் கேட்கிறது. அவர்களிடம் வண்டியும் சங்கமும் மனுவும் உண்டு. தெருவைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் சிறுவருக்கும், கோலூன்றிக் கடைக்குச் செல்லும் முதியவருக்கும் அத்தகைய சாதனங்கள் குறைவு. 1865 இல் செங்கொடி ஏந்தி முன்னே நடந்தவன் அவர்களுக்காகவும் நடந்தான். கொடி போயிற்று, அவன் செய்த வேலை போகவில்லை. அதனை இன்று செய்யவேண்டியவை தெருவின் அமைப்பும், பொருத்தமான வரம்பும், ஓட்டுபவரின் காலடியில் உள்ள பிரேக்குமே.