கண்டிப் பாதையும் காவல் வில்லையும்

ஓர் உறையில் இரண்டு கத்தி இராது என்பது நம் முன்னோர் மொழி. அரசியலுக்கும் குடும்பத்துக்கும் நாம் எடுத்தாளும் இம்மொழி, ஒற்றைத் தண்டவாளப் பாதைக்கு முற்றிலும் பொருந்துவதாகும். இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பிரிவில் ஒரு வேளையில் ஒரு வண்டி மாத்திரமே இருத்தல் வேண்டும். எதிரே மற்றொன்று வந்துவிட்டால், மாட்டுவண்டியைப்போல் ஓரம் ஒதுங்கி வழிவிட இயலாது. இந்தச் சிறு விதியைக் காப்பதற்கு மனிதன் கண்ட உபாயங்கள் யாவை? அவற்றைப் புதுப்பிக்கும்போது எதனை இழக்கலாகாது? கண்டிப் புகையிரதப் பாதையை முன்வைத்து இவ்விரு கேள்விகளையும் ஆராய்வோம்.

இலங்கையின் புகையிரதப் பாதை வேலையை 1858ஆம் ஆண்டில் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் தொடக்கிவைத்தார். 1864ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதல் வண்டி சென்றது. 1867இல் பாதை கண்டியை எட்டியது. மலைநாட்டில் விளைந்த காப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதே அதன் முதல் நோக்கம். சில ஆண்டுகளுள் இலைநோய் கண்டு காப்பி அழிந்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. சரக்கு மாறினாலும் பாதை மாறவில்லை. தேயிலைப் பெட்டிகளையும், தோட்டத்து வேலைக்கெனத் தமிழகத்திலிருந்து வந்த மக்களையும் அதே தண்டவாளங்கள் சுமந்தன.

கொழும்பிலிருந்து ரம்புக்கனை வரையில் இரட்டைப் பாதை உண்டு. போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று. ரம்புக்கனைக்கு அப்பால் மலை தொடங்குகிறது, பாதை ஒற்றையாகிறது. கடிகமுவை, கங்கொடை, இகல கோட்டை, பலனை என்று நிலையம் நிலையமாக ஏறிக் கடுகண்ணாவைக் கணவாயை அடைய வேண்டும். ஏறத்தாழ 45 அடி தூரத்துக்கு ஓர் அடி உயரும் ஏற்றம் அது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. இடையிடையே சுரங்க வழிகள், வளைவுகள். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது சாரதியின் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்த பின்னர் நிறுத்துவதற்கு, அதுவும் இறக்கத்தில், தூரம் போதாது. ஆகவே இப்பாதையில் கண்ணை நம்பிப் பயன் இல்லை. கண்ணுக்கு முன்னே செல்லும் வேறொரு காவல் வேண்டும்.

தொடக்கத்தில் நேர அட்டவணையே பல நாடுகளில் காவலாக இருந்தது. வண்டி தாமதித்தால் அந்தக் காவல் பயனற்றுப்போம். அடுத்துத் தந்தி வந்தது. தந்தி விரைவானது; ஆயின் விரைவு வேறு, காவல் வேறு என்பதை 1874ஆம் ஆண்டு உலகுக்கு உணர்த்தியது. அவ்வாண்டு செப்டெம்பர் 10ஆம் நாள் இரவு, இங்கிலாந்தில் நாரிச் நகருக்கு அருகே தோர்ப் என்னும் இடத்தில் இரண்டு பயணிகள் வண்டிகள் ஒற்றைப் பாதையில் நேருக்கு நேர் மோதின. எதிர்த்திசை வண்டியை வரவிடலாம் என்றொரு தந்தி, பொறுப்பாளரின் கையொப்பம் பெறாமலே அனுப்பப்பட்டுவிட்டது. அதை அறியாமல் இந்தப் பக்கத்து வண்டியும் விடப்பட்டது. தவறு தெரிந்து தந்தியை இரத்துச் செய்ய முயன்றபோது, எதிர் நிலையத்திலிருந்து வண்டி புறப்பட்டாயிற்று என்ற விடையே வந்தது. 25 பேர் மாண்டனர்.

கம்பி பழுதாகவில்லை, செய்தியும் சிதையவில்லை. அனுப்பக் கூடாத செய்தியை அனுப்பாதவாறு தடுப்பதற்கு ஒன்றும் இல்லாததே குறை. இக்குறையைப் போக்கும் கருவியை எட்வர்ட் டையர் என்னும் ஆங்கிலேயர் 1878இல் ஆக்கினார். அதுவே டாப்லெட் என வழங்கும் வில்லைமுறை.

அதன் இயக்கத்தைக் கேளுங்கள். பலனையில் ஒரு பெட்டி, கடுகண்ணாவையில் ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் மின்கம்பி இணைக்கிறது. இரண்டுக்குள்ளும் வட்டமான உலோக வில்லைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பிரிவின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். பலனை நிலைய அதிபர் மணியடித்து அனுமதி கேட்கிறார். கடுகண்ணாவை அதிபர் மணியாலேயே விடை கூறி மின்சாரத்தைச் செலுத்துகிறார். அப்பொழுதே பலனைப் பெட்டியிலிருந்து ஒரு வில்லை வெளிவரும். அது வந்தவுடன் இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அந்த வில்லை ஏதேனும் ஒரு பெட்டிக்குள் மீண்டும் இடப்படும் வரையில், யார் கேட்பினும் எப்பக்கத்திலும் இன்னொரு வில்லை வெளிவராது. வில்லையைக் கையில் பெறாமல் சாரதி பிரிவுக்குள் நுழையலாகாது. ஒரே வில்லை, ஆதலின் ஒரே வண்டி.

பெரிய வளையம் கோத்த தோற்பையில் வில்லையை இட்டு, மெதுவாக ஊரும் வண்டியிலிருப்பவர் கையில் எட்டக் கொடுப்பதும், முந்திய பிரிவின் வில்லையை வாங்கிக்கொள்வதும் மலைநாட்டு நிலையங்களில் பல தலைமுறைகள் கண்ட காட்சி. இந்த நூற்றாண்டிலும் அது அங்கே வழக்கில் இருந்து வந்தது.

எனினும் வில்லைமுறைக்கும் ஒரு வாயில் திறந்தே இருந்தது. 1921ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் அபர்மூல் நிலையத்தில், ஒரு வண்டி கொண்டுவந்த வில்லையே கைமாறிக் கைமாறி அதே வண்டியின் சாரதியிடம் திரும்பவும் கொடுக்கப்பட்டது. அது கடந்துவந்த பிரிவின் வில்லை. செல்ல வேண்டிய பிரிவினது அன்று. பொறித்திருந்த பெயரை ஒருவரும் படிக்கவில்லை. எதிரே வந்த விரைவு வண்டியுடன் மோதி 17 பேர் இறந்தனர். கருவி தன் கடமையில் வழுவவில்லை. ஆனால் ஒரு பெயரைப் படிக்கும் வேலையை அது மனிதனிடம் விட்டுவைத்திருந்தது.

வில்லைமுறை மெதுவானது என்பதும் உண்மை. பிரிவின் இரு முனைகளிலும் இரவு பகலாக ஆள் இருக்க வேண்டும்; வில்லை மாற்றும் இடந்தோறும் வண்டி வேகந்தணிய வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொழும்பைச் சூழ்ந்த நெரிசல் மிக்க பாதைகளில் வண்ண விளக்குச் சைகைகள் வந்தன. மருதானையிலிருந்தே வண்டிகளின் போக்கை ஆளும் கட்டுப்பாட்டு நிலையமும் ஏற்பட்டது. இம்முறையின் உயிர்நாடி, 1872இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் உரிமம் பெற்ற தண்டவாள மின்சுற்று. தண்டவாளத்தில் மெல்லிய மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும், வண்டியின் சக்கரங்கள் இரு தண்டவாளங்களையும் இணைத்தவுடன் அது குறுக்கே பாய்ந்துவிடும், சைகை சிவப்பாகும். கம்பி அறுந்தாலும் சிவப்பே; மின்கலம் தீர்ந்தாலும் சிவப்பே. பழுது நேரும்போது பாதுகாப்பின் பக்கமே சாயும்படி அமைத்த அறிவு இது.

இனி, விளையாட்டுப் போலத் தோன்றும் ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். உண்மைப் புகையிரதத்தை 87இல் ஒரு பங்காகச் சிறுக்கி, மேசைமேல் பாதை அமைத்து ஓட்டுவது மேனாடுகளில் பெரியோரும் விரும்பும் கலை. அந்த அளவில் ஒரு மைல் ஏறக்குறைய 60 அடியாகும். அங்கும் கட்டுப்பாடு பற்றிய இதே கேள்வி எழுந்தது. பழைய முறையில் தண்டவாளம் பல மின்பிரிவுகளாக வெட்டப்பட்டிருக்கும். ஒரு பிரிவுக்கு எவ்வளவு மின்சாரம் விடுகிறோமோ அவ்வளவு வேகத்தில் அதிலுள்ள இயந்திரம் ஓடும். ஒரே பிரிவில் இரண்டு இயந்திரங்கள் இருந்தால் இரண்டும் ஒருங்கே ஓடும். தனித்தனியே ஆள இயலாது. ஆகவே ஒரு பிரிவு, ஒரு வண்டி என்ற விதி அங்கே தேவையினாலேயே நிலைத்தது.

1980களில் ஜெர்மனியில் லென்ஸ் நிறுவனம் எண்முறைக் கட்டுப்பாட்டை உருவாக்கியது. 1990களில் அமெரிக்க மாதிரிப் புகையிரதச் சங்கம் அதனைப் பொதுத்தரமாக ஏற்றது. இதில் தண்டவாளம் முழுவதும் எப்பொழுதும் மின்சாரம் இருக்கும். அந்த மின்சாரத்திலேயே குறியீட்டுத் துடிப்புகள் செல்லும்: குறுந்துடிப்பு ஒன்று என்னும் எண்ணையும், நெடுந்துடிப்பு பூச்சியத்தையும் குறிக்கும். இயந்திரம் ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சிறு கருவி இருந்து, தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மாத்திரம் ஏற்கும். முன்பு பிரிவை ஆண்டோம். இப்பொழுது வண்டியையே பெயர் சொல்லி ஆள்கிறோம். ஒரே தண்டவாளத்தில் ஒன்று ஏற, மற்றொன்று இறங்க ஓட்டலாம்.

ஓட்டலாம், மோதவும் விடலாம்! பழைய முறை தானாகவே அளித்த தடை ஒன்று புதுப்பித்தலோடு மறைந்துபோயிற்று. எனவே எண்முறைக்கு மாறியவர்களுள் பலர், பாதையை மறுபடியும் பிரிவுகளாக வகுத்து, எந்தப் பிரிவில் வண்டி நிற்கிறது என்று உணரும் கருவிகளைச் சேர்த்து, அதற்கேற்பச் சைகைகளையும் அமைத்தார்கள். விட்டுவிட்ட விதியை வேறு வழியாக அழைத்துவந்தார்கள். மேசைமேல் அந்தத் தவறின் விலை ஒரு சிறு பொம்மையே. கடுகண்ணாவைச் சரிவில் அதன் விலை வேறு.

மலைப்பாதையின் கட்டுப்பாட்டைப் புதுப்பிக்க நினைப்போர் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்து புலனாகும். புதுக்கருவி எவ்வளவு விரைவாகக் கட்டளை இடும் என்பது இரண்டாவது கேள்வி. தகாத கட்டளையை அது எவ்வாறு மறுக்கும் என்பதே முதற் கேள்வி. தோர்ப்பில் தந்தி மறுக்கவில்லை. அபர்மூலில் கருவி மறுத்தும், மனிதர் அதைச் சுற்றிச் சென்றனர். மழையும் மூடுபனியும் மண்சரிவும் உள்ள மலையில், மின்சாரம் நின்ற இரவிலும் மறுக்கத் தெரிந்த கருவியே நல்ல கருவி.

ஒரு நாள் அந்தத் தோற்பையும் வளையமும் பொருட்காட்சிக்குரியன ஆகலாம். 2014 டிசம்பரில் இலங்கைப் புகையிரதத்தின் 150ஆவது ஆண்டு நிறைவையொட்டிக் கடுகண்ணாவையிலேயே புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது; பழைய இயந்திரங்கள் பல அங்கே ஓய்வு கொள்கின்றன. வில்லையும் அங்கே ஓய்வு கொள்ளட்டும். அதற்காக நாம் வருந்த வேண்டுவதில்லை. வில்லை காத்த விதிக்கு மாத்திரம் ஓய்வு கொடுத்தல் ஆகாது. இரவு வண்டியில் கண்டிக்குச் செல்லும் தாய், பிள்ளையை மடியில் கிடத்தி அச்சமின்றிக் கண்ணயர்வது அந்த ஒரு விதியை நம்பியே.