ஈரம் தந்த உருவம்

ஒரிகாமி என்றதும் கூரிய அலகும் விறைத்த சிறகும் கொண்ட காகிதக் கொக்கே நம் நினைவுக்கு வருகிறது. ஜப்பானில் 1797-ஆம் ஆண்டிலேயே கொக்கு மடிப்புகளுக்கென்று ஒரு தனிநூல் அச்சேறியது. எனினும் அக்கொக்கில் கோடும் கோணமும் உண்டே தவிர, உயிருள்ள பறவையின் திரட்சி இல்லை. அத்திரட்சி காகிதத்துக்கு வாய்த்த வரலாறு பெரிதும் ஒரு தனிமனிதரின் வரலாறாகும்.

அகிரா யோஷிசாவா 1911 மார்ச் 14 அன்று தோச்சிகி மாநிலத்தில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். பதின்மூன்று வயதில் தோக்கியோவில் தொழிற்சாலையொன்றில் சேர்ந்தார். பின்னர் வரைவாளராக உயர்ந்து, இளந்தொழிலாளர்க்கு வடிவியல் கற்பிக்கக் காகித மடிப்பையே கருவியாக்கினார். 1937-இல் அவ்வேலையையும் துறந்தார். வீடுவீடாகச் சென்று உணவுப்பண்டம் விற்றுப் பிழைத்தாரேயன்றி மடிப்பைக் கைவிடவில்லை.

அவர் கண்ட வழி ஈரமடிப்பு. உலர்ந்த மெல்லிய தாளை நகத்தால் அழுத்தினால் கோடு நிலைக்கும். ஆனால் மெல்ல வளைத்துவிட்டுக் கையை எடுத்தாலோ அது நிமிர்ந்துவிடும். தடித்த தாளை ஈரத்துணியால் ஒற்றும்போது, தாளிலுள்ள பசை இளகி இழைகள் நெகிழ்கின்றன. அந்நிலையில் விரல்கள் முதுகை வளைக்கலாம், கன்னத்தைக் குழிக்கலாம். ஈரம் உலர்ந்ததும் பசை மீண்டும் இறுகி அவ்வடிவைக் காத்துக்கொள்கிறது. நீர் மிகுந்தால் தாள் கிழியும், குறைந்தால் வளையாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சிறுபொழுதே கலைஞனுக்கு உரியது.

இது மடிப்பா, சிற்பமா என்னும் ஐயம் நமக்கு எழுவது இயல்பே. கற்சிற்பி கல்லைக் களைகிறான். மண்சிற்பி மண்ணைச் சேர்க்கிறான். இங்கோ களைவதும் இல்லை, சேர்ப்பதும் இல்லை. ஒரே தாள் தன்னை இழக்காமல் வேறொன்றாகிறது. ஆகவே இதனை மடிப்பின் எல்லைக்குள் நின்ற சிற்பம் என்று கொள்வோம்.

1954-இல் வெளிவந்த தம் நூலில் புள்ளிக்கோடுகளாலும் அம்புக்குறிகளாலும் ஆன குறியீட்டு முறையை யோஷிசாவா அளித்தார். மொழி அறியாதாரும் படித்து மடிக்கத்தக்க அம்முறை உலகெங்கும் பரவியது. 1955-இல் ஆம்ஸ்டர்டாம் நகரின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் அவர் படைப்புகள் வைக்கப்பட்டபோது, சிறுவர் விளையாட்டெனக் கருதப்பட்டது கலைக்கூடத்தினுள் நுழைந்தது.

இவ்விடத்தில் ஒரு முரணை நாம் காண்கிறோம். மடிப்பை எழுதிவைக்க வழிசெய்தவரே, எழுத்தில் அடங்காத ஒன்றையும் கண்டுபிடித்தார். எங்கே மடிப்பது என்பதைக் கோடு சொல்லும். ஈரத்தாளின்மீது பெருவிரல் எவ்வளவு அழுந்த வேண்டும் என்பதை எந்தக் கோடு சொல்லும்? 2005-இல், தாம் பிறந்த அதே மார்ச் 14 அன்று அவர் மறைந்தார். குறியீடு நம்மிடம் இருக்கிறது. அந்த அழுத்தத்தை ஒவ்வொரு கையும் தானே கண்டடைய வேண்டியிருக்கிறது.